சஹனிலிருந்து சுவருக்கு: டிராகன் பீங்கான் சேகரிப்பு குறித்து ஒரு மதிப்பீடு

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் வாழும் அன்பர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். பட்டு வணிகரான அவர் பழம்பொருள்களைச் சேர்ப்பதில் நாட்டம் மிக்கவர். கூடத்தின் மேற்குச் சுவரில், கம்பிக் கொக்கியில் மாட்டப்பட்டு, வெண்ணிறப் பரப்பில் நீல டிராகன் சுருண்டு பாயும் பெரிய பீங்கான் தட்டு ஒன்று தொங்கியது. கீழக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவருடைய தாயார் தம் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த தட்டு அது. மூன்று தலைமுறைகளாகச் சஹனாகப் பயன்பட்டு வந்ததை மகன் எடுத்துத் துடைத்து, விளக்கொளி படுமாறு சுவரில் ஏற்றியிருந்தார். அன்று முதல் அத்தாயார் கூடத்தில் தொழுவதில்லை. பின்கட்டு அறைக்குச் சென்றுவிட்டார்.

அன்பர் நம்மிடம் இரண்டு வினாக்களை வைத்தார். இதன் மதிப்பு என்ன? இதை வீட்டில் வைத்திருப்பது கூடுமா? முதல் வினாவைச் சேகரிப்பாளர் உலகமும், இரண்டாம் வினாவை மார்க்க அறிஞர் உலகமும் தனித்தனியே விடை கூறி முடித்துவிடுவது வழக்கம். இவ்விரண்டு வினாக்களும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதே நம் கருத்து. சீனப் பீங்கான் சேகரிப்பு என்னும் பழக்கத்தை நம் சமுதாயத்தின் வரலாற்றோடு வைத்து மதிப்பிடும்போது இது தெளிவாகும்.

*நீலத்தின் பிறப்பு*

'பீங்கான்' என்னும் சொல் பாரசீகப் 'பிங்கான்' என்பதன் வழிவந்தது என்பர். மலாய் மொழியில் தட்டைக் குறிக்கும் சொல்லும் அதே வேரினது. பொருள் சீனத்தது, பெயர் பாரசீகத்தது, அது புழங்கியது தமிழ், மலாய்க் கரைகளில். ஒரு சொல்லுக்குள்ளேயே இக்கடல்வழியின் வரலாறு அடங்கியிருக்கிறது.

வெண்மையும் நீலமும் கலந்த பீங்கானைச் சீனாவின் தனிப்படைப்பு என்றே சேகரிப்பாளர் பலர் கருதுகின்றனர். வெண்களிமண்ணும் சூளையும் கைத்திறனும் சிங்தேசென் நகரத்தவை என்பது உண்மை. ஆயின் பதினான்காம் நூற்றாண்டில் அந்த நீலத்தைத் தந்த கோபால்ட் தாது பாரசீகத்திலிருந்து சென்றது. பிற்காலச் சீனர் இத்தகைய நீலத்தை 'ஹுய்ஹுய் சிங்', அதாவது முஸ்லிம் நீலம், என்றே வழங்கினர். தாதுவைக் கொண்டு சென்றவரும், உருவான பொருளை மேற்கே கொண்டு வந்தவரும் பெரும்பாலும் முஸ்லிம் வணிகரே. மிங் பேரரசர் செங்தே (1505–1521) காலத்தில் அறபு, பாரசீக எழுத்துகள் பொறித்த பீங்கான்கள் சீனச் சூளைகளிலேயே ஆக்கப்பட்டன.

தட்டின் அளவும் கருதத்தக்கது. சீனர் சிறு கிண்ணங்களில் தனித்தனியே உண்ணும் வழக்கினர். நாற்பது செ.மீ.க்கு மேல் விரியும் பெருந்தட்டுகள், பலர் சுற்றியமர்ந்து ஒரே கலத்தில் உண்ணும் மேற்காசிய முஸ்லிம் சந்தையை நோக்கி வனையப்பட்டவை என்பது கலை வரலாற்றாசிரியர் பலரின் முடிபு. காயல்பட்டினத்துக் களறி விருந்திலும் கீழக்கரைத் திருமண வீடுகளிலும் சஹனைச் சுற்றி அமரும் நம் வழக்கம் இக்கலத்தின் வடிவத்தோடு பொருந்துவது தற்செயலன்று.

பொன், வெள்ளிக் கலங்களில் உண்பதையும் பருகுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. மன்னர் பலர் இத்தடையைப் பேணவில்லை என்பது வரலாறு. எனினும் உலோகப் பகட்டின்றியும் ஒரு கலம் உயர்வுடையதாக இருக்கலாம் என்னும் எண்ணம் முஸ்லிம் நாடுகளில் பீங்கானுக்குக் கிடைத்த பெருமதிப்பிற்கு ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

*மூன்று கருவூலங்கள்*

முஸ்லிம் அரசர்கள் சீனப் பீங்கானை நடத்திய முறை ஒன்றன்று. மூன்று எடுத்துக்காட்டுகளை ஒப்பிடலாம்.

முதலாவது, இஸ்தன்பூலின் தோப்காப்பி அரண்மனை. அங்குள்ள சீனப் பீங்கான்கள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவை. அவை காட்சிக்கென வாங்கப்பட்டவை அல்ல. அரண்மனையின் சமையற்கட்டுகளும் விருந்துகளும் பயன்படுத்தியவை. சிலவற்றில் பொன்னும் மணியும் பதித்து அணிசெய்தனர். டிராகன்களும் அங்கே உண்டு. உணவின் கீழே கிடந்தன.

இரண்டாவது, பாரசீகத்தின் அர்தபீல். 1611-இல் ஷாஹ் அப்பாஸ் தம் முன்னோரான ஷைகு ஸஃபியுத்தீன் அவர்களின் அடக்கத்தலத்திற்கு ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட பீங்கான்களை வக்ஃப் செய்தார். ஒவ்வொன்றிலும் தம் பெயரும் வக்ஃப் செய்த செய்தியும் அடங்கிய முத்திரையைப் பொறிக்கச் செய்தார். பீங்கானின் மெருகைக் கீறிப் பெயர் பொறிப்பதை இன்றைய சேகரிப்பாளர் சேதம் என்பார். ஆனால் அக்கீறலே 'இது விற்பனைக்கன்று' என்று அறிவித்தது. அதுவே அத்திரளில் பெரும்பகுதியைச் சிதறாமல் காத்தது.

மூன்றாவது, தில்லி. 1961-இல் ஃபீரோஸ் ஷாஹ் கோட்லாவில் பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்களின் உடைந்த துண்டுகள் குவியலாக வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்து எழுதியவர் எல்லன் ஸ்மார்ட். ஃபீரோஸ் ஷாஹ் துக்ளக் (ஆட்சி 1351–1388) கலங்களிலும் சேணங்களிலும் இருந்த உயிருருவங்களை அகற்ற ஆணையிட்டதாகத் தம் 'ஃபுதூஹாத்தே ஃபீரோஸ் ஷாஹீ'யில் குறித்துள்ளார். அவ்வாணையின் விளைவாகவே இவை உடைக்கப்பட்டன என்பது ஓர் ஊகம். 1398-இல் தைமூரின் படையெடுப்பு தில்லியைச் சூறையாடியதையும் நினைவில் கொண்டால், ஊகம் ஊகமாகவே நிற்கும். ஆயினும் உருவம் என்றாலே உடைத்தல் என்னும் மனப்போக்கிற்கு ஒரு சான்றாக இக்குவியல் அடிக்கடி காட்டப்படுகிறது.

பயன்கொள்ளல், அறக்கொடையாக்கல், உடைத்தல் ஆகிய இம்மூன்றில் எதிலும் இன்றைய சேகரிப்பாளரின் செயல் அடங்கவில்லை. அவர் உண்பதில்லை, வக்ஃப் செய்வதில்லை, உடைப்பதுமில்லை. அவர் சுவரில் ஏற்றுகிறார்.

இதில் ஒரு நகைமுரணும் உண்டு. சீனாவின் தொல் பீங்கானைக் காலவரிசைப்படுத்தும் கல்வியே முஸ்லிம் கருவூலங்களின் துணையால் எழுந்தது. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள டேவிட் சாடிகள் இரண்டிலும் டிராகன் உருவங்களோடு 1351-ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. ஜான் அலெக்சாந்தர் போப் அச்சாடிகளை அளவுகோலாகக் கொண்டு 1952-இல் தோப்காப்பியின் பீங்கான்களையும், 1956-இல் அர்தபீலின் பீங்கான்களையும் ஆராய்ந்து வெளியிட்டார். சமையற்கட்டிலும் தர்காவிலும் பேணப்பட்டவையே பின்னர் உலகச் சந்தையின் விலையை நிறுவும் சான்றுகளாயின.

*நம் கரை*

தமிழகக் கரையின் சான்றுகள் அரண்மனைக்கு உரியவை அல்ல. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த கள ஆய்வுகளிலும் தமிழ்ப் பல்கலைக்கழக அகழாய்விலும் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் அவற்றை ஆராய்ந்தனர். பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பச்சை மெருகு ஓடுகளும் வெண்ணிற, நீல ஓடுகளும் அவற்றுள் உண்டு. இப்னு பதூதா குறிப்பிடும் 'பத்தன்' துறைமுகம் இவ்வூரே என்னும் கருத்தைக் கராஷிமா முன்வைத்தார். மஅபர் கரைக்குச் சீன மரக்கலங்கள் சரக்கு கொணர்ந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும், காயலின் குதிரை வணிகத்தை மார்க்கோ போலோவும் எழுதியுள்ளனர்.

இச்செய்திகளைக் கூறும்போது நம்மவரிடம் ஒரு பெருமிதம் எழுவது இயல்பு. அப்பெருமிதத்திற்கும் ஓர் எல்லை வேண்டும். சீன உறவு நமக்கு மட்டும் உரியதன்று. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன் 720-இல் தாங் அரசவைக்குத் தூதனுப்பியதைச் சீனக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. அறபியரையும் திபெத்தியரையும் ஒடுக்கத் தன் யானைப்படையைத் தர அவன் முன்வந்தான் என்றும் அவை கூறுகின்றன. முசரவாக்கத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள கயிலாசநாதர் கோயிலை எழுப்பிய மன்னனும் அவனே. அக்கோயில் தூண்களில் நிற்கும் சிங்க, யாளி உருவங்களுக்கும் நம் அன்பரின் தட்டில் பாயும் டிராகனுக்கும் நேரடி உறவு எதனையும் நாம் கற்பிக்கவில்லை. ஆனால் யாளி காஞ்சிப் பட்டின் கரையிலும் இடம்பெறுகிறது. அப்பட்டை விற்று வாழும் ஒருவர் டிராகனை மட்டும் அயலானது என அஞ்சுவதில் பொருளில்லை.

டிராகன் தாங்கிய ஒரு பொருளில் தமிழும் பாரசீகமும் அருகருகே நிற்கும் சான்று இலங்கையில் உண்டு. 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள மும்மொழிக் கல்வெட்டு 1409-ஆம் ஆண்டைக் குறிப்பது. யுன்னான் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபையும் நோக்கியவை. காணிக்கைப் பட்டியல்கள் ஏறத்தாழ ஒத்தவை. கல்லின் தலைப்பில் இரு டிராகன்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ளன. மூன்று சமயத்தாருக்கும் மேலாக நின்ற அவ்வுருவம் வணக்கத்திற்குரியதன்று. அனுப்பிய அரசனின் அடையாளம். சீன டிராகன் மழையும் ஆட்சியும் குறிப்பது. பாரசீகக் காவியங்களில் வீரர்கள் கொன்று வீழ்த்தும் 'அஷ்தஹா'வோடு இதனை ஒன்றாக எண்ணுவது பொருந்தாது.

*நகமும் முத்திரையும்*

இனி அன்பரின் முதல் வினா. டிராகன் பீங்கானைச் சேர்ப்போர் முதலில் எண்ணுவது அதன் கால்நகங்களை. ஐந்து நகம் பேரரசருக்கு, நான்கு நகம் பிரபுக்களுக்கு என்னும் வாய்பாடு எல்லோருக்கும் தெரியும். இவ்விதி எல்லாக் காலத்திலும் ஒரே கண்டிப்புடன் பேணப்படவில்லை என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. அடுத்து, அடியில் எழுதப்பட்ட ஆட்சிக் குறி. காங்ஷி பேரரசரின் (1662–1722) பெயரை இருநூறு ஆண்டுகள் கழித்து வனைந்தவற்றிலும் எழுதினர். ஏமாற்றும் நோக்கமும் இருந்திருக்கலாம். முன்னோரின் கலைக்குச் செய்யும் மரியாதையும் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும் குறி காலத்தைக் காட்டுவதில்லை.

அன்பரின் தட்டை இறக்கித் திருப்பிப் பார்த்தோம். ஆறெழுத்துக் காங்ஷி குறி இருந்தது. டிராகனுக்கு நான்கு நகங்கள். நீலம் சற்றே ஊதா கலந்து தட்டையாக இருந்தது. செதில்கள் விரைந்த கையால் வரையப்பட்டவை. மெருகிடாத அடிவளையம் மிகச் சீராகக் கடையப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைப்பகுதியைச் சேர்ந்த ஏற்றுமதிச் சரக்கு என்பதே நம் மதிப்பீடு. சீனப் பேரரசர் மூதாதை ஒருவருக்கு அளித்த பரிசு என்று குடும்பத்தில் வழங்கிய கதைக்குத் தட்டில் ஆதாரமில்லை. அன்பர் சற்றே சோர்ந்தார்.

நம்மைக் கவர்ந்தவை வேறு இரண்டு. விளிம்பிலிருந்து நடு வரை ஓடிய விரிசலை, ஐந்து உலோகக் கம்பித் தையல்களால் யாரோ ஒரு கைவினைஞர் இணைத்திருந்தார். நடுப்பகுதியின் பளபளப்பு, சாம்பலிட்டுப் பல்லாண்டுகள் தேய்த்துக் கழுவியதால் மங்கியிருந்தது. சந்தை இவ்விரண்டையும் குறைகளாகக் கணக்கிட்டு விலையைப் பாதிக்கும் கீழே இறக்கும். சேகரிப்புக் கையேடுகள் 'குறையற்ற நிலை' என்பதையே உச்ச மதிப்பாக வைக்கின்றன. அதன் பொருள், ஒருபோதும் பயன்படாத கலமே சிறந்த கலம் என்பதாகும். உண்பதற்கென வனைந்த ஒன்றை, அதில் எவரும் உண்ணவில்லை என்பதற்காகப் போற்றுவது தலைகீழான மதிப்பீடு. உடைந்ததை எறியாமல் தைத்து மீண்டும் விருந்தினர் முன் வைத்த ஒரு வீட்டின் மனநிலையை அக்கம்பித் தையல் நமக்குக் கூறுகிறது. காங்ஷி குறி அதைக் கூறாது.

*உருவமும் அதன் இடமும்*

இரண்டாம் வினாவிற்கு வருவோம். உயிருருவங்கள் குறித்த நபிமொழிகளில் ஆயிஷா (ரலி) அவர்களின் திரைச்சீலை பற்றியவை இங்கே நேரடியாகப் பொருந்துவன. உருவங்கள் உள்ள திரை தொங்கவிடப்பட்டிருந்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அதனை அன்னையார் வெட்டித் திண்டுகளாக்கியபோது அவற்றில் சாய்ந்து கொண்டார்கள். அவ்வுருவங்கள் தொழுகையில் கண்முன் தோன்றிக்கொண்டே இருப்பதாகக் கூறி அகற்றச் சொன்ன செய்தியும் புகாரியில் உண்டு. துணி அதே துணி. மாறியது அதன் இடமும் பயனும்.

இவ்வேறுபாட்டை ஷாஃபிஈ சட்ட நூல்கள் நுட்பமாக விரித்துள்ளன. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்', வலீமா விருந்து பற்றிய பகுதியில், மேற்கூரை, சுவர், தொங்கும் திரை முதலியவற்றில் உள்ள உயிருருவங்களை வெறுக்கத்தக்கவை என்றும், தரையிலும் விரிப்பிலும் சாயும் திண்டிலும் உள்ளவற்றைப் பொறுக்கத்தக்கவை என்றும் பிரிக்கிறது. பின்வந்த உரையாசிரியர்கள் இரண்டாம் வகையில் தட்டு, உணவுப்பலகை, உண்கலம் ஆகியவற்றையும் சேர்த்தனர். புழக்கத்தால் உருவம் தன் மதிப்பை இழக்கிறது என்பது அவர்கள் கூறும் காரணம். உலகில் இல்லாத விலங்காயிற்றே, டிராகனுக்குத் தடை பொருந்துமா என வாதிப்போரும் உளர். இணையற்ற கற்பனை விலங்கின் உருவத்தையும் ஷாஃபிஈ நூல்கள் உயிருருவமாகவே கருதுவதால் அவ்வாதம் நிற்காது. விடை விலங்கின் வகையில் இல்லை. கலத்தின் இடத்தில் இருக்கிறது.

உருவம் வரைவது வேறு, வரைந்ததைப் பயன்படுத்துவது வேறு என்பதையும், பிற மத்ஹபுகளில் நுண்ணிய வேறுபாடுகள் உண்டு என்பதையும் மறக்கவில்லை. தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பணி. ஆனால் ஷாஃபிஈ மரபில் நின்ற நம் கடற்கரை ஊர்களின் முன்னோர் டிராகன் தட்டில் சோறிட்டு உண்டது அறியாமையால் அன்று. அவர்கள் ஓதிய நூலின் உரைகளிலேயே அதற்கு இடமிருந்தது. அதே தட்டைச் சுவரில், அதுவும் கிப்லாத் திசையில், விளக்கிட்டு ஏற்றியவர் பொறுக்கத்தக்க வகையிலிருந்து வெறுக்கத்தக்க வகைக்கு அதனை மாற்றிவிட்டார். எழுத்தறிவு மிகுதியாக இல்லாத அத்தாயார் எந்த நூலையும் எடுத்துக்காட்டவில்லை. ஆயினும், சஹனாக இருந்தவரை அவருக்கு உறுத்தாத உருவம் சுவரேறியதும் உறுத்தியது என்பதில் சட்ட நூலின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆக, ஃபீரோஸ் ஷாஹின் பெயரால் சொல்லப்படும் உடைத்தலும், இன்றைய சேகரிப்பாளரின் காட்சிப்படுத்தலும் எதிரெதிர் முனைகளாகத் தோன்றினாலும் ஒரே பிழையைச் செய்கின்றன. இரண்டும் கலத்தை மறந்து உருவத்தை மட்டும் காண்கின்றன.

*செய்யத்தக்கது*

சேகரிப்பே வேண்டாம் என்று கூறுவது நம் நோக்கமன்று. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் தட்டுகள் எந்த வீட்டின் எந்த நிகழ்வில் பயன்பட்டவை என்பதை இன்று எவராலும் கூற இயலாது. வீட்டை விட்டு வெளியேறும் கணத்திலேயே ஒரு கலம் தன் வரலாற்றை இழந்து வெறும் 'நான்கு நகத் தட்டு' ஆகிவிடுகிறது. இவ்விழப்பைத் தடுப்பதே சேகரிப்பின் அறமாக இருக்க வேண்டும். நூறாண்டு கடந்த பொருள்களை அயல்நாட்டிற்கு அனுப்புவதற்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் தடை விதித்துள்ளது. ஆனால் ஒரு வீட்டின் நினைவு அடுத்த தெருவுக்குப் போனாலும் அழிந்துவிடும். அதனைத் தடுக்கச் சட்டம் இல்லை.

அர்தபீல் இங்கே வழிகாட்டுகிறது. அரசருக்கு இயன்றதை ஒரு குடும்பமும் சிறிய அளவில் செய்ய இயலும். கலத்தின் படத்தையும் அளவையும், வந்த வழியையும், பயன்பட்ட மணவிழாக்களையும், தைத்த இடங்களையும் ஒரு சுவடியில் எழுதலாம். வாரிசுகளில் எவரும் விற்க வேண்டா என்று கருதினால் ஊர் ஜமாஅத்திற்கோ, முறையாகப் பேணும் அருங்காட்சியகத்திற்கோ வக்ஃப் செய்யலாம். கீழக்கரை, காயல், நாகூர், அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களில் இத்தகைய பதிவு ஒன்று தொடங்கினால், பெரியபட்டினத்து மண்ணுக்குள் கிடைத்த ஓடுகளுக்கும் நம் அடுக்களை அலமாரிகளுக்கும் இடையிலுள்ள சில நூற்றாண்டு இடைவெளியை நிரப்பும் சான்றுகள் வெளிவரக்கூடும்.

அன்பருக்கு நாம் கூறிய விடை இதுதான்: சந்தையில் இதற்குக் கிடைப்பது சிறு தொகை, சுவரில் இருக்கும்வரை உங்கள் தாயாரின் மனக்குறை நியாயமானது, இறக்கிவிட்டால் இரண்டு வினாக்களும் எளியவையாகும். மெருகுக்கு அடியில் வரைந்த நீலமாதலால் உணவு வைப்பதில் கேடில்லை. மெருகின் மேல் பல வண்ணங்களில் தீட்டியதாக இருந்தால் ஈயம் கலந்திருக்கும், அதனைத் தவிர்க்க வேண்டும். கம்பித் தையல் உள்ள தட்டு சூடான சோற்றைத் தாங்காது. உலர்ந்த பண்டங்களுக்கு ஆகும்.

தட்டை அவர் அன்றே இறக்கினார். தாயார் அதை வாங்கிப் பின்புறத்துத் தையல்களை விரலால் தடவியபடி, அது உடைந்தது எவருடைய நிக்காஹின்போது, தைத்துக் கொடுத்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பவற்றைச் சொல்லத் தொடங்கினார். மகன் அவற்றை முதன்முறையாகக் கேட்டதாகக் கூறினார். எழுதுவதற்குத் தாள் தேடினோம்.